ஆங்கிலத்தில் ‘டி-எச்’ உச்சரிப்பும் எழுத்தும்: செவிலியர் தேர்வுக்குப் படிப்போருக்கு ஒரு வழிகாட்டி

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அல்லது மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதிவிட்டு வெளிநாட்டு மருத்துவமனைக்குப் போகத் தயாராகும் செவிலியர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆங்கிலத்தில் டி (t) என்ற எழுத்தும் எச் (h) என்ற எழுத்தும் அடுத்தடுத்து வரும் சொற்கள்தான் பொருள். தேங்க்ஸ், திஸ், த்ரீ, ஹெல்த், பர்த்டே, பிரீத் என்று நோயாளியிடம் பேசும் எந்த வாக்கியத்தை எடுத்தாலும் இந்த இரட்டையெழுத்து வந்து நிற்கும். அதைச் சரியாகச் சொல்லவும் எழுதவும் பழகுவதற்கு நான் மிகவும் திண்டாடினேன். பணம் கட்டிப் படித்த பயிற்சி மையத்தில்கூட வரிசையாகச் சொல்லித்தர ஆள் இல்லை. அந்தத் திண்டாட்டம் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. இந்தத் தேர்வுகளில் ஆங்கிலேயர் போலப் பேசினால்தான் மதிப்பெண் என்று எவரும் சொல்லவில்லை. ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வில் சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்கும் சம எடை. உச்சரிப்பு என்றால் கேட்பவர் சிரமமின்றிப் புரிந்துகொள்கிறாரா என்பதே கேள்வி. ஓஇடியிலும் புரியும்படி பேசுவதற்குத் தனி மதிப்பெண் உண்டு. தமிழ்ச் சாயல் இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு சொல் வேறு சொல்லாகக் காதில் விழக் கூடாது, அவ்வளவுதான்.

1. முதலில் கண்ணைப் பழக்குங்கள்

சிக்கல் நாக்கில் தொடங்குவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். தொடங்குவது கண்ணில். தமிழ்நாட்டில் செந்தில், கார்த்திக், லதா, கவிதா என்று எந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலும் ‘த’ வரும் இடத்தில் டி-எச் போடுகிறோம். ‘ட’வுக்கு டி என்ற ஒற்றை எழுத்தை ஒதுக்கிவிட்டதால் நமக்கு அது வசதியான ஏற்பாடு. வட இந்தியாவில் லதா, கீதா என்று எழுதும்போது பெரும்பாலும் எச் போடுவதில்லை. சிறு வயதிலிருந்தே டி-எச் என்றால் ‘த’ என்று பழகிய கண், ‘திங்க்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பார்த்ததும் தம்பியில் வரும் ‘த’வை எடுத்துக் கொடுத்துவிடுகிறது.

தம்பியின் ‘த’ ஆங்கிலத்தில் தனி ஒலியாக இல்லை. அதைக் கேட்கும் ஆங்கிலக் காது, தனக்குத் தெரிந்த ‘ட’வாகவோ மெல்லிய ‘ட’வாகவோ அதை எடுத்துக்கொள்ளும். மூன்று என்ற பொருளில் நீங்கள் சொல்லும் ‘த்ரீ’ மரம் என்ற ‘ட்ரீ’யாக விழும். அவர்கள் என்ற ‘தே’ நாள் என்ற ‘டே’யாகும். நீண்ட வாக்கியத்தில் இது பெரிய தொல்லையில்லை, முன்பின் பார்த்துப் புரிந்துகொள்வார்கள். ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் இடத்திலும், எண்ணும் தேதியும் சொல்லும் இடத்திலும்தான் மாட்டிக்கொள்வோம். செவிலியர் வேலையில் அத்தகைய இடங்களுக்குக் குறைவே இல்லை.

அதனால் முதல் வேலை இது: குறிப்பேட்டில் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் ‘த’ போட்டு உச்சரிப்பு எழுதும் பழக்கத்தை நிறுத்துங்கள். அந்த இரட்டையெழுத்தின் தலையில் ‘கு’ அல்லது ‘மூ’ என்று மட்டும் குறியுங்கள். ‘கு’ என்றால் குரலோடு வரும் ஒலி, ‘மூ’ என்றால் மூச்சு மட்டும் வரும் ஒலி. டி-எச்சுக்கு இந்த இரண்டும்தான் முதன்மையான ஒலிகள். அகராதிகளில் குரலொலிக்கு, வளைந்த தண்டின் மீது சிறு குறுக்குக் கோடு போட்ட சிறிய டி (d) போன்ற ஒரு குறி இருக்கும். மூச்சொலிக்கு நடுவில் கிடைக்கோடு போட்ட நீள்வட்டம். இந்த இரண்டு குறிகளையும் அடையாளம் காணப் பழகிவிட்டால் கேம்பிரிட்ஜ் அகராதியும் ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் அகராதியும் உங்களுக்கு ஆசிரியர்கள். இரண்டும் இணையத்தில் இலவசம்.

2. குரலொலியைக் ‘காது’ என்ற சொல்லிலிருந்து எடுங்கள்

பயிற்சி மையங்களில் ‘திங்க்’, ‘தேங்க்யூ’ என்று மூச்சொலியில் ஆரம்பிப்பார்கள். தமிழருக்கு அது தலைகீழ் வழி. குரலொலியை நாம் பிறந்ததிலிருந்தே பேசிக்கொண்டிருக்கிறோம்.

தம்பி, பத்து, பந்து, காது என்று நான்கு சொற்களையும் இயல்பான வேகத்தில் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றல்ல. தம்பியிலும் பத்திலும் நாக்கு பல்லின் பின்புறம் அழுத்தி, காற்றை முழுதாக அடைத்துப் பிறகு விடுகிறது. பந்திலும் அடைப்புதான், குரல் மட்டும் கூடுகிறது. காது, அது, இதயம், விதை போன்று இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும்போது நாக்கு பல்லை அழுத்துவதில்லை. உரசும் அளவுக்கு நெருங்கிவிட்டு விலகிவிடுகிறது, காற்று இடைவிடாமல் போய்க்கொண்டே இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘மதர்’, ‘ஃபாதர்’, ‘பிரதர்’ ஆகிய சொற்களில் வருவது ஏறத்தாழ இந்த ஒலிதான்.

இப்போது ‘காது’ என்பதை மெல்ல இழுத்துச் சொல்லுங்கள். ‘கா’வில் தொடங்கி, ‘து’வுக்குப் போகும் வழியில் நாக்கு பல்லைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் அந்தக் கணத்தில் நிறுத்தி, குரலை மட்டும் நீட்டுங்கள். பல்லின் நுனியில் ஒரு ரீங்காரம் தெரியும். தொண்டையில் விரல் வைத்தால் அதிர்வு தெரியும். ஐந்து விநாடி நீட்ட முடிந்தால் ஒலி கைக்கு வந்துவிட்டது. நீட்ட முடியாமல் அடைத்துக்கொண்டால் பழைய ‘த’வுக்குத் திரும்பிவிட்டீர்கள். இனி எல்லாப் பயிற்சிக்கும் இந்த நீட்டிப் பார்க்கும் சோதனையே அளவுகோல். கண்ணாடியும் வேண்டாம், ஆசிரியரும் வேண்டாம்.

நீட்டிய ஒலியிலிருந்தே ‘மதர்’, ‘அதர்’, ‘வெதர்’ என்று நடுவில் வரும் சொற்களுக்குப் போங்கள். அவை பழகிய பின் ‘திஸ்’, ‘தட்’, ‘தெம்’, ‘தென்’ என்று முதலில் வரும் சொற்கள். முதலில் வருவது கடினம், ஏனென்றால் தமிழில் சொல்லின் தொடக்கத்தில் ‘த’ எப்போதும் அடைத்தே வரும். அதற்கு ஒரு தந்திரம்: முன்னால் ஒரு ‘அ’ சேர்த்து ‘அதிஸ்’, ‘அதட்’ என்று சொல்லிப் பழகி, பிறகு அந்த ‘அ’வை மனத்துக்குள் மட்டும் சொல்லுங்கள்.

3. குரலை நிறுத்தினால் மூச்சொலி

குரலொலி வந்துவிட்டால் மூச்சொலிக்கு நாக்கை நகர்த்தவே வேண்டியதில்லை. அதே இடத்தில் ரீங்காரத்தை நீட்டிக்கொண்டே இருந்து, ரகசியம் பேசுவதுபோல் குரலை மட்டும் நிறுத்துங்கள். காற்று மட்டும் மெல்லிய சீறலாக வரும். தொண்டையில் அதிர்வு நிற்கும். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்தால் மெலிந்த குளிர்காற்று படும். ‘திங்க்’, ‘தேங்க்’, ‘தர்ட்டி’ ஆகியவற்றின் தொடக்கத்திலும், ‘ஹெல்த்’, ‘மவுத்’, ‘டீத்’ ஆகியவற்றின் முடிவிலும் வருவது இந்த ஒலி.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாக்கை வெளியே நீட்டி இரண்டு பல்வரிசைக்கும் நடுவில் கடித்துக்கொள்ளும்படி பல இடங்களில் சொல்லித்தருகிறார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். கடித்தால் காற்றுக்கு வழி ஏது? வழி அடைபட்டதும் மீண்டும் ‘த’வே வரும். அதோடு, வேகமாகப் பேசும்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நாக்கை நீட்டி இழுக்க எவராலும் முடியாது. நாக்கு நுனி மேல்பல் வரிசையின் விளிம்பை மெல்லத் தொட்டால் போதும். எதிரில் இருப்பவருக்கு அது தெரியக்கூட வேண்டாம்.

இன்னொரு பொறி, ஒலி வராததால் பக்கத்து ஒலியில் போய் ஒதுங்குவது. ‘திங்க்’ என்பதை ‘ஸிங்க்’ என்று சொன்னால் நினைப்பது போய் மூழ்குவது ஆகிவிடும். ‘த்ரீ’ என்பதை ‘ஃப்ரீ’ என்று சொல்வதும் அப்படித்தான். லண்டன் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் ‘ஃப்ரீ’, ‘ஃபேங்க்ஸ்’ என்றே சொல்கிறார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், நீங்கள் பின்பற்ற வேண்டாம். அயர்லாந்தில் பலர் நம் ‘த’வைப் போலவே பல்லில் அடைத்துச் சொல்கிறார்கள். இந்த ஒலியை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பதற வேண்டாம்.

காதைப் பழக்க இணைச் சொற்கள் உதவும். மெலிந்த என்ற ‘தின்’, தகரம் என்ற ‘டின்’. நன்றி சொல்லும் ‘தேங்க்’, தொட்டி என்ற ‘டேங்க்’. பத்தாவது என்ற ‘டென்த்’, கூடாரம் என்ற ‘டென்ட்’. மரணம் என்ற ‘டெத்’, கடன் என்ற ‘டெட்’. கைப்பேசியில் குரல் வழித் தட்டச்சை ஆங்கிலத்துக்கு மாற்றி, இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எது திரையில் விழுகிறது என்று பாருங்கள். முழு வாக்கியமாகச் சொல்லாதீர்கள். முன்பின் சொற்களை வைத்து அது தானாகவே திருத்திக்கொள்ளும், உங்கள் பிழை மறைந்துபோகும்.

4. எந்தச் சொல்லில் குரல், எந்தச் சொல்லில் மூச்சு?

எழுத்தைப் பார்த்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். இதை எவரும் எனக்கு முன்பே சொல்லியிருந்தால் எத்தனையோ சொற்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டியதில்லை.

சொல்லின் முதலில் வந்தால்: தி, திஸ், தட், தீஸ், தோஸ், தே, தெம், தெயர், தென், தேன், தோ என்று வாக்கியத்தை ஒட்டவைக்கும் சின்னச் சொற்கள் எல்லாம் குரல். திங்க், தின், திக், தர்ட், தர்ஸ்டே, தம்ப், த்ரோட், தை, தைராய்டு என்று பொருளைச் சுமக்கும் சொற்கள் எல்லாம் மூச்சு. ‘த்ரூ’ மட்டும் சின்னச் சொல்லாக இருந்தும் மூச்சு.

நடுவில் வந்தால்: மதர், ஃபாதர், ஃபெதர், லெதர், ராதர், டுகெதர் என்று ‘தர்’ என முடியும் அன்றாடச் சொற்கள் குரல். கிரேக்க, லத்தீன் வழி வந்த படிப்புச் சொற்கள் மூச்சு: மெத்தட், ஆதர், அத்லெட், சிம்பதி, மேத்தமேட்டிக்ஸ். இந்த விதி செவிலியர்களுக்கு வரப்பிரசாதம். மருத்துவச் சொற்களில் பெரும்பாலானவை கிரேக்க வழி என்பதால் தெரபி, பேத்தாலஜி, தொராக்ஸ், த்ராம்போசிஸ், ஹைப்போதெர்மியா, அனஸ்தீசியா, அசித்ரோமைசின், மெத்தோட்ரெக்சேட், லித்தியம், தயமின் எல்லாமே மூச்சு. வார்டில் புதிய மருந்துப் பெயரில் டி-எச் கண்டால் தயங்காமல் மூச்சு விடுங்கள், பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ‘நத்திங்’, ‘சம்திங்’, ‘பர்த்டே’, ‘ஹெல்தி’ ஆகியவை நடுவில் இருந்தாலும் தம் மூலச் சொல்லைப் பின்பற்றி மூச்சாகவே வரும்.

கடைசியில் வந்தால் பெரும்பாலும் மூச்சு: பாத், டீத், மவுத், நார்த், எர்த், ஹெல்த். அதன் பின்னால் ஒரு இ சேர்ந்துவிட்டால் குரல்: பேத், பிரீத், பல் முளைப்பதைச் சொல்லும் டீத், க்ளோத், சூத். ‘ஸ்மூத்’ போன்ற சிலவற்றில் கடைசி இ இல்லாமலேயே குரல். ‘வித்’ என்பது பிரிட்டனில் பெரும்பாலும் குரல், அமெரிக்காவில் மூச்சும் உண்டு. எப்படிச் சொன்னாலும் தவறில்லை.

இந்தக் கடைசி விதி வார்டில் தினமும் கைகொடுக்கும். மூச்சு என்ற பெயர்ச்சொல் ‘பிரெத்’, குறுகிய உயிர், மூச்சொலி. மூச்சுவிடு என்ற வினைச்சொல் ‘பிரீத்’, நீண்ட உயிர், குரலொலி. ஆஸ்துமா நோயாளி கையில் குழாயைக் கொடுத்து ஊதச் சொல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘டேக் எ டீப் பிரெத்’ என்பதில் வருவது முதலாவது. ‘பிரீத் இன், பிரீத் அவுட்’ என்பதில் வருவது இரண்டாவது. இரண்டாவதை நம் ‘த்’ கொண்டு முடித்தால், கேட்பவருக்கு இனம் அல்லது இனப்பெருக்கம் என்ற பொருள் தரும் ‘ப்ரீட்’ போல விழும். உயிரை நீட்டி, கடைசியில் ரீங்காரத்தைத் தொட்டுவிட்டு நிறுத்துங்கள்.

‘தி’ என்ற சொல்லுக்கும் ஒரு வார்த்தை. நாம் எல்லா இடத்திலும் ‘தி’ என்றே சொல்லிப் பழகியவர்கள். உயிரொலிக்கு முன்னால்தான் அது ‘தி’: தி எக்ஸ்ரே, தி ஆபரேஷன். மெய்யொலிக்கு முன்னால் வலுவில்லாத ‘த’: த வார்டு, த டாக்டர். கணக்கு எழுத்தை வைத்து அல்ல, ஒலியை வைத்து. யூரின் என்பது யு என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி ‘ய’ என்பதால் ‘த யூரின் சாம்பிள்’.

5. டி-எச் இருந்தும் இந்த ஒலி வராத சொற்கள்

தாமஸ், தெரசா, எஸ்தர் என்று நாம் சொல்லும் பெயர்கள் ஆங்கிலத்தில் டாமஸ், டெரீசா, எஸ்டர். ஆண்டனி பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஆன்ட்டனி’. தாய்லாந்து ‘டைலாண்ட்’, லண்டனில் ஓடும் ஆறு ‘டெம்ஸ்’. ஆனால் மேத்யூ, டாரதி, ரூத், ஈடித், எலிசபெத் எல்லாம் உண்மையான மூச்சொலி, ஹெதர் குரலொலி. பிரிட்டனில் முதியோர் வார்டில் டாரதியும் ஈடித்தும் ரூத்தும் உங்களுக்குக் கட்டாயம் கிடைப்பார்கள். அவர்கள் பெயரைச் சரியாகச் சொன்னால் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

‘ஆஸ்த்மா’ என்று எழுத்தெண்ணிச் சொல்லாதீர்கள். நடுவில் உள்ள டி-எச் ஊமை, ‘ஆஸ்மா’ என்பதுதான் வழக்கு.

கூட்டுச் சொற்களில் டி ஒரு சொல்லுக்கும் எச் அடுத்த சொல்லுக்கும் சொந்தமாக இருக்கும். ‘பாட்ஹோல்’, ‘லைட்ஹவுஸ்’, ‘ஸ்வீட்ஹார்ட்’, ‘அடல்ட்ஹுட்’ ஆகியவற்றைப் பிரித்தே சொல்ல வேண்டும்.

ஊர்ப் பெயர்களில் விதியைத் தேடாதீர்கள். போர்ட்ஸ்மத், பிளிமத் ஆகியவற்றின் கடைசி ‘மவுத்’ சுருங்கி ‘மத்’ ஆகிவிடும். தெற்கு என்ற ‘சவுத்’ மூச்சு, தெற்கத்திய என்ற ‘சதர்ன்’ குரல். லண்டனில் ‘சவுத்வார்க்’ என்று எழுத்துக் கூட்டிப் படிக்கத் தோன்றும் இடத்தை ‘சதக்’ என்கிறார்கள். அதே நகரின் ‘ஸ்ட்ரெத்தாம்’ உண்மையில் ‘ஸ்ட்ரெட்டம்’. வேலை கிடைத்த ஊரின் பெயரை அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வதே வழி.

6. எழுத்துப்பிழையால் மதிப்பெண் போகும் இடங்கள்

ஐஇஎல்டிஎஸ் கேட்டல் தேர்வில் 40 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். எழுத்து பிழையானால் பதில் தவறு. பிரிட்டிஷ் எழுத்துமுறை, அமெரிக்க எழுத்துமுறை இரண்டையும் ஏற்கிறார்கள். முதல் பகுதியில் பெயர், முகவரி, தேதி சொல்வார்கள். டி-எச் அங்கேதான் அதிகம் வந்து விழும்.

வரிசை எண்களில் தொடங்குங்கள். ஒன்பதாவது என்பதில் நைன் சொல்லின் கடைசி இ போய்விடும்: என்-ஐ-என்-டி-எச். ஆனால் பத்தொன்பதிலும் தொண்ணூறிலும் அந்த இ அப்படியே இருக்கும். எட்டாவது என்பதில் இரண்டு டி போடத் தோன்றும், ஒன்றுதான்: இ-ஐ-ஜி-எச்-டி-எச். ஐந்தாவதிலும் பன்னிரண்டாவதிலும் வி எழுத்து எஃப் ஆகிவிடும், அதைத் தொடர்ந்த இயும் மறைந்துவிடும். நான்காவதில் யு உண்டு, நாற்பதில் யு இல்லை. இருபதாவது, முப்பதாவது எல்லாம் கடைசி ஒய் போய் ஐ-இ-டி-எச் என்று முடியும். இவ்வளவையும் சொன்னபின் ஒரு எளிய வழியும் சொல்கிறேன்: தேதியை எண்ணால் எழுதலாம், அதையும் ஏற்கிறார்கள். மே 8 என்று எண்ணில் எழுதிவிட்டால் பிழைக்கே இடமில்லை.

அளவுகளில் ஒரு பொறி இருக்கிறது. நீளம், அகலம், ஆழம் என்பவற்றுக்கான லெங்த், விட்த், டெப்த் மூன்றும் டி-எச் என முடியும். உயரத்துக்கான ‘ஹைட்’ அப்படி முடியாது, கடைசி எழுத்து டி மட்டுமே. அந்த மூன்றையும் எழுதிய கை பழக்கத்தில் நான்காவதிலும் எச் போட்டுவிடும். லெங்த், ஸ்ட்ரெங்த் இரண்டிலும் ஜி என்ற எழுத்தை விட்டுவிடாதீர்கள்.

வானிலை என்ற ‘வெதர்’ டபிள்யூ-இ-ஏ என்று தொடங்கும். ‘வருவாரா, இல்லையா’ என்பது போன்ற ஐயப் பொருளில் வரும் ‘வெதர்’ டபிள்யூ-எச்-இ என்று தொடங்கும். காதில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றே, வாக்கியம்தான் காட்டிக்கொடுக்கும். நாடித் துடிப்பைப் பற்றி எழுதும்போது வரும் ‘ரிதம்’ என்ற சொல் ஆர்-எச்-ஒய்-டி-எச்-எம். டிப்தீரியா, ஆப்தால்மாலஜி இரண்டிலும் டி-எச்சுக்கு முன்னால் பி-எச் உண்டு. முதல் எச்சை எத்தனையோ பேர் விட்டுவிடுகிறார்கள். பிரெத், பிரீத் வேறுபாடு எழுத்தில் ஒரே ஒரு இ. நோயாளிக் குறிப்பில் அந்த இ விடுபட்டால் வினைச்சொல் பெயர்ச்சொல்லாகிவிடும்.

பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லும்போது எச் என்ற எழுத்தின் பெயரை ‘ஏய்ச்’ என்று சொல்லுங்கள், ‘ஹேய்ச்’ என்பாரும் உண்டு. நாம் சொல்லும் குறுகிய ‘எச்’ சில காதுகளுக்குப் பிடிபடாது. மேத்யூ என்ற பெயரை ‘எம், ஏ, டபுள் டி, ஏய்ச்’ என்று சொல்வார்கள். நம் ஊரில் அந்தப் பெயரை ஒற்றை டி போட்டு எழுதுபவர்கள் நிறைய. ‘டபுள்’ என்ற சொல் காதில் விழுந்ததும் விழித்துக்கொள்ளுங்கள்.

7. மெய்கள் அடுக்காக வரும் சொற்கள்

மாதங்கள் என்ற ‘மந்த்ஸ்’, ஆறாவது என்ற ‘சிக்ஸ்த்’ ஆகியவற்றில் மூச்சொலியோடு வேறு மெய்களும் முட்டும். சிக்ஸ்த் என்பதை ‘சிக்ஸ்’ என்று சொல்லி, ‘ஸ்’ சீறலை நிறுத்தாமலே நாக்கை முன்னால் கொண்டுபோனால் போதும். ஆடைகள் என்ற ‘க்ளோத்ஸ்’ சொல்லை மூடு என்ற ‘க்ளோஸ்’ போலவே ஆங்கிலேயர் பலர் சொல்கிறார்கள், அகராதியும் அதை ஏற்கிறது. ‘க்ளோத்தஸ்’ என்று இரண்டு அசையாக மட்டும் சொல்லாதீர்கள்.

8. ஆவணங்கள்: உங்கள் பெயரிலேயே ஒரு டி-எச் இருக்கலாம்

தேர்வுக்குப் பதிவு செய்யுமுன் பாஸ்போர்ட், பட்டச் சான்றிதழ், நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்று, அனுபவச் சான்று எல்லாவற்றையும் மேசையில் பரப்பி உங்கள் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் எச் இருந்து மற்றொன்றில் இல்லாமல் போவது நம்மிடையே சாதாரணம். சுனிதா ஒரு சான்றிதழில் டி-எச்-ஏ, இன்னொன்றில் டி-ஏ. உள்ளூரில் எவரும் கண்டுகொள்வதில்லை. வெளிநாட்டுக் கவுன்சிலுக்கு அது வேறு ஆள். விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் எழுதுவதற்குப் பாஸ்போர்ட்தான் அடையாள ஆவணம். பதிவில் கொடுத்த அதே பாஸ்போர்ட்டைத் தேர்வு நாளிலும் எடுத்துச் செல்ல வேண்டும், நகல் செல்லாது. அதனால் பெயரில் திருத்தம் வேண்டுமென்றால் முதலில் அதை முடித்துவிட்டுப் பிறகு தேர்வுக்குப் பணம் கட்டுங்கள். பாஸ்போர்ட்டில் எழுத்தை மாற்றுவது மறுவெளியீடு ஆகும். 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண வழியில் 1,500 ரூபாய், தட்கால் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். பெயர் மாற்றத்தை அரசிதழில் வெளியிட வேண்டுமென்றால், தமிழ்நாட்டில் எழுதுபொருள் மற்றும் அச்சுத் துறை அதைக் கவனிக்கிறது. கட்டணம் மாறக்கூடும் என்பதால் கிளம்புமுன் அந்தந்த இணையதளத்தைப் பாருங்கள்.

என் யோசனை: எந்த எழுத்து அழகு, எது எண்கணிதத்துக்குப் பொருந்தும் என்ற ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். பெரும்பாலான ஆவணங்களில் எது இருக்கிறதோ அதற்கு மற்றவற்றை மாற்றுங்கள். உங்கள் பெயரின் டி-எச்சை வெளிநாட்டில் மூச்சொலியாகவே படிப்பார்கள், செந்தில் ‘திங்க்’கின் ஒலியோடு வருவார். அதற்காக எழுத்தை மாற்றப் போகாதீர்கள். ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் சகப் பணியாளர்கள் பழகிக்கொள்வார்கள்.

9. செலவும் காலமும்

ஒலிப் பயிற்சிக்குச் செலவு ஏதுமில்லை. கைப்பேசியில் குரல் பதிவு, மேலே சொன்ன இரண்டு அகராதிகள், ஒரு சொல்லைப் பலர் பேசும் காணொளிகளிலிருந்து எடுத்துக்காட்டும் யூகிளிஷ் என்ற இணையதளம், இவை போதும். உச்சரிப்புக்கு மட்டும் தனியாகப் பணம் வாங்கும் வகுப்புகளில் சேர வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்தைத் தேர்வுக் கட்டணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஐஇஎல்டிஎஸ் கட்டணம் இந்தியாவில் 17,000 ரூபாய்க்கு மேல், ஓஇடி ஏறத்தாழ இரு மடங்கு. பிரிட்டனின் நர்சிங் அண்ட் மிட்வைஃபரி கவுன்சில் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக்கில் பேசுதல், கேட்டல், வாசித்தல் மூன்றிலும் 7, எழுதுதலில் 6.5 கேட்கிறது. ஓஇடியில் முதல் மூன்றிலும் பி, எழுதுதலில் சி பிளஸ். மதிப்பெண் 2 ஆண்டுகளுக்குச் செல்லும். எனவே ஆவணங்கள் தயாராகுமுன் அவசரப்பட்டு எழுதிவிட்டு, பிறகு காலாவதியாகவிடாதீர்கள்.

தினமும் 15 நிமிடம், எட்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு வாரம் குரலொலி மட்டும். அடுத்த இரண்டு வாரம் மூச்சொலியும் இணைச் சொற்களும். பிறகு இரண்டு வாரம் வாக்கியங்கள், தேதிகள், மருந்துப் பெயர்கள். கடைசி இரண்டு வாரம் உச்சரிப்பை மறந்துவிட்டு, தேர்வில் பேசுவதுபோல் பேசிப் பதிவு செய்து, மறுநாள் கேட்டுத் திருத்துங்கள். வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் இரவுப் பணி முடிந்த களைப்பில் பயிற்சி செய்ய வேண்டாம். களைத்த நாக்கு பழைய ‘த’வுக்கே ஓடும்.

10. தேர்வு நாளில்

ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம், மூன்று பகுதி. முதல் நிமிடத்திலேயே முழுப் பெயரைக் கேட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்ப்பார்கள். பெயரைத் தமிழில் சொல்வதுபோலவே சொல்லுங்கள், அது உங்கள் பெயர். இரண்டாம் பகுதியில் குறிப்பெடுக்க 1 நிமிடம் தருவார்கள். அந்தத் தாளில் நீங்கள் கட்டாயம் பயன்படுத்தப் போகும் ஒன்றிரண்டு டி-எச் சொற்களின் மேல் ‘கு’ அல்லது ‘மூ’ போட்டுக்கொள்ளுங்கள். ஓஇடியில் நோயாளியாக நடிப்பவரோடு இரண்டு உரையாடல், ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம், அதற்கு முன்னால் உரையாடலின் சூழலைச் சொல்லும் அட்டையைப் படிக்க 3 நிமிடம். பிரெத், பிரீத் போன்ற சொல் அட்டையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேசும்போது ஒரு சொல் தவறி வந்துவிட்டால் திரும்பிப் போய்த் திருத்தாதீர்கள். அப்படி நிறுத்தி நிறுத்திப் பேசினால் சரளத்துக்கான மதிப்பெண் குறையும், அது ஒரு டி-எச்சைவிடப் பெரிய இழப்பு. பொருளே மாறிப்போகும் எண்ணோ தேதியோ என்றால் மட்டும் மீண்டும் சொல்லுங்கள்.

ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண் நியாயமில்லை என்று பட்டால் தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் உயர்ந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும். பேசுதலில் மட்டும் குறைந்திருந்தால், கணினி வழி எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் அந்த ஒரு திறனை மட்டும் ஒருமுறை மறுபடி எழுதும் வசதி இருக்கிறது. அந்த மதிப்பெண்ணை உங்கள் கவுன்சிலும் வேலை தரும் இடமும் ஏற்குமா என்று எழுத்து வடிவில் கேட்டுப் பதில் வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.